உறைகிணற்றில் முட்டை நாற்றம்: தேடிப் பிடித்துச் சரிசெய்த அனுபவம்

அம்மாவின் வெள்ளி மெட்டி கறுக்க ஆரம்பித்ததுதான் முதல் அடையாளம். பொங்கலுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்த மெட்டி பத்தே நாளில் கரி பூசியது போல ஆகிவிட்டது. குளியலறைப் பித்தளைக் குழாயிலும் அதே கறுப்பு. அப்புறம்தான் வாடை. காலையில் முதலில் குழாயைத் திறக்கும்போது அழுகிய முட்டையை உடைத்தது போல ஒரு வீச்சம், கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடினால் குறையும், ஆனால் போகாது. "டேய், இந்தத் தண்ணியில சாமிக்கு வெச்ச சொம்பைக்கூட கழுவ மனசு வரலடா" என்று அம்மா சொன்ன அன்றுதான் இதை முழுசாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து நடக்கிற தூரம். இந்தப் பக்கம் எல்லாம் மணல் நிலம், பழைய வீடுகளில் நாலடி விட்டத்தில் சிமெண்ட் உறை இறக்கிய கிணறுகள்தான். எங்களுடையதும் அப்படித்தான். 2019 கோடையில் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதும் இந்தக் கிணறு ஒரு நாளைக்கு ஒரு மாடித்தொட்டி தண்ணீராவது கொடுத்தது. அதனால் இதை மூடிவிட்டு வேறு ஏற்பாடு பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்கவில்லை. குடிக்க நாங்கள் இதைப் பயன்படுத்துவதில்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் இதுதான்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஃபில்டர் விற்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சமையலறைக் குழாயில் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு கார்பன் ஃபில்டர் போட்டால் போதும் என்றார். மாட்டிய மறுநாள் வாடை சுத்தமாக இல்லை. ஐந்து வாரம் கழித்துத் திரும்ப வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. கார்பன் கொஞ்சம் வாயுவைப் பிடித்து வைக்கும், நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், அதற்கப்புறம் அதே கரித்துண்டுகளில் பாக்டீரியா குடியேறிவிடும். அந்த ஃபில்டரே மோசம் என்று சொல்லமாட்டேன். வாடை எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் போட்டதுதான் தவறு. சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரமும் இதற்கு உதவாது. உப்பைத் தடுக்கும் அந்தச் சவ்வு, கரைந்திருக்கும் வாயுவைத் தடுக்காது.

இந்த வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. தண்ணீரில் சல்ஃபேட் உப்பு இருக்கும், கடற்கரைப் பக்கம் அது சாதாரணம். காற்றுப் படாத இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியா மட்கும் இலைதழையைத் தின்றுகொண்டு, நாம் ஆக்சிஜனை எடுப்பது போல சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடும். ஆக மூன்று வேண்டும்: சல்ஃபேட், மட்கும் பொருள், காற்றில்லாத மூலை. முதலாவதை என்னால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் சல்ஃபைடுக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி.தான்.

தேடியது எப்படி என்றால், ஒரே அளவு கண்ணாடிப் பாட்டில் ஐந்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஐந்து இடத்தில் பாதிப் பாட்டில் தண்ணீர் பிடித்தேன். கிணற்றில் வாளி விட்டுச் சேந்தியது ஒன்று, மோட்டார் போட்டு மாடித்தொட்டியில் விழும் வாயில் ஒன்று, தொட்டிக்குள்ளிருந்து ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, குளியலறை வெந்நீரில் ஒன்று. மூடி, பத்து முறை குலுக்கி, வீட்டு வாசலுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தோம், நானும் அம்மாவும் தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல். வாசலுக்குப் போவது முக்கியம். சிங்க் பக்கத்தில் நின்று மோந்தால் சாக்கடைக் குழாயின் வாடை தண்ணீர் வாடை போலத் தெரியும். ஐந்திலும் வாடை இருந்தது, கிணற்று வாளித் தண்ணீரில் நிறைய, தொட்டியில் குறைவு. ஆனால் வெந்நீர் பாட்டில் எல்லாவற்றையும்விட மோசம். அதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன், கடைசியில் அதுதான் இரண்டாவது கதையாக ஆனது.

கிணற்றிலிருந்துதான் என்றதும் எனக்கு உடனே வந்த பயம் கழிவுத்தொட்டி. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்கள் கிணற்றிலிருந்து முப்பது அடிதான், மணலில் தண்ணீர் சுலபமாக நகரும். கிராமங்களில் குடிநீர் சோதிக்கக் கொடுக்கிற சின்னக் குப்பி இருக்கிறதே, தண்ணீர் ஊற்றி வைத்தால் கறுத்துப்போகும் குப்பி, அது ஒன்று கிடைத்தது. முப்பது மணி நேரத்தில் மைபோலக் கறுத்தது. ஆனால் அதை நான் முழுசாக நம்பவில்லை. அந்தக் குப்பி 1982-இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை, மலக்கிருமிகளோடு சேர்ந்து வரும் பாக்டீரியா விடுகிற இதே ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பார்த்துத்தான் கறுக்கிறது. தண்ணீரிலேயே அந்த வாயு ஏற்கெனவே இருந்தால் கிருமி இல்லாமலும் கறுக்கும். அதனால் தண்ணீர் சோதிக்கும் அரசு ஆய்வகமான கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் முறையாக ஒரு சோதனை கொடுத்தோம். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிட்டோம். கோலிஃபார்ம், அதாவது கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா, இருந்தது. 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. அன்றிலிருந்து பல் தேய்க்கவும் வாய் கொப்பளிக்கவும் கேன் தண்ணீர் என்று மாற்றிவிட்டோம். இதில் யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம்.

சரி, கிணற்றுக்குள் என்ன இருக்கிறது? அப்பா இருந்தவரை "இருபத்து மூணு உறை இறக்கினோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உறை ஒன்று ஒரு அடி. கயிற்றில் கல் கட்டி இறக்கினால் இருபத்தோரு அடியிலேயே கல் மெத்தென்று உட்கார்ந்தது. வெளியே எடுத்தால் கல்லைச் சுற்றிக் கன்னங்கரேலென்று சேறு, தொட்டால் வழவழப்பு, மூக்கருகே கொண்டுபோனால் அதே முட்டை நாற்றம் பத்து மடங்கு. விரலில் தேய்த்தபோது உள்ளே நரம்பு நரம்பாக ஏதோ சிக்கியது. கழுவிப் பார்த்தால் இலைக் காம்பு, இலை நரம்பு. பாதாம் மரத்து இலை.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது மொட்டைமாடித் தண்ணீரை நேராகக் கிணற்றுக்குள் விட ஒரு குழாய் இழுத்தோம். நல்ல வேலைதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆயிரம் சதுர அடி மாடியில் சென்னையில் ஒரு வருஷம் பெய்யும் மழை ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். ஆனால் குழாய் வாயில் வலை கிடையாது, ஜல்லி மணல் போட்ட வடிகட்டித் தொட்டியும் கிடையாது. அப்போது பக்கத்தில் மரமும் இல்லை. பாதாம் மரம் அதற்கப்புறம் வளர்ந்தது, வருஷத்துக்கு இரண்டு முறை உள்ளங்கை அகல இலையைக் கொட்டும், மாடியில் கிடக்கும் இலையும் காக்கை எச்சமும் முதல் மழையில் அப்படியே உள்ளே. கூடவே, அண்ணன் குழந்தை தவழ ஆரம்பித்த வருஷம் பயந்துபோய் கிணற்றுக்கு முழு கான்கிரீட் மூடி போட்டோம். காற்றும் நின்றுபோனது. மட்கும் பொருளும் காற்றில்லாத மூலையும் நாங்களே கொடுத்தவை.

தூர் வார ஆள் கூப்பிட்டோம். இந்தப் பகுதியில் முப்பது வருஷமாகக் கிணறு வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்தார். எட்டிப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "அண்ணா, நீங்க இறங்க வேண்டாம்" என்றேன். "எத்தனை கிணறு பார்த்திருக்கேன் தம்பி, விளக்கு விட்டுப் பார்த்துட்டு இறங்கிடுவேன்" என்றார். அவரை உட்காரவைத்துப் பேசினேன். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். இந்த வாயு உயிரை எடுக்கும் அளவில் இருந்தாலும் விளக்கு எரியும். அது காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். சேற்றைக் கலக்கும்போது ஒரே மூச்சில் மேலே வரும். இன்னும் கொடுமை, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, போய்விட்டது என்று நினைப்போம். ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் போய்ச்சேர்வது வருஷாவருஷம் நடக்கிறது. இருபது அடிக் கிணறுதானே என்று யாரையும் இறக்காதீர்கள். கூலி கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லியும் இறக்காதீர்கள்.

மேலிருந்தே எடுத்தோம். சாக்கடைத் தண்ணீர் இறைக்கும் நீர்மூழ்கி மோட்டார் ஒன்று இரண்டு நாள் வாடகைக்குக் கிடைத்தது, கெட்டித் துகளையும் தள்ளும் வகை. கசிவு மின்சாரம் வந்தால் உடனே அணைக்கும் பிரேக்கர் வழியாகத்தான் இணைப்பு கொடுத்தோம். மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்கி (வயரைப் பிடித்து இறக்கக் கூடாது), இன்னொரு பக்கம் ஒரு அங்குல பி.வி.சி. குழாயின் நுனியில் குறுகலான வாய் வைத்து மாடித்தொட்டித் தண்ணீரை அழுத்தத்தில் அடித்துச் சேற்றைக் கிளப்ப, மோட்டார் அதை இழுத்துத் தோட்டத்தில் வெட்டிய குழியில் கொட்டியது. கான்கிரீட் மூடியை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தோம். அப்படியும் முதல் ஒரு மணி நேரம் யாரும் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, காற்று வருகிற பக்கமாகத் தள்ளித்தான் நின்றோம்.

பெரியவர் இங்கே ஒரு விஷயம் சொல்லிக் காப்பாற்றினார். நான் முழுக்க வற்ற இறைக்கப் பார்த்தேன். "மணல் பூமி தம்பி. தண்ணியை ஒரேயடியா இறைச்சா அடியிலேர்ந்து மணல் பொங்கும், உறை சாஞ்சிடும்" என்றார். இரண்டடிக்குக் கீழே போகாமல் நிறுத்தி, ஊற்று ஏற விட்டு, மறுபடி இறைத்து, இப்படி ஆறு தடவை. இரண்டாம் நாள் சாயங்காலம் வந்த தண்ணீரில் மணல்தான் தெரிந்தது, கறுப்பு இல்லை. அடியில் நாலு கூடை கழுவிய ஜல்லி இறக்கினோம். கயிற்றுக் கல் இப்போது கல்மேல் கல்லாக டக்கென்று உட்கார்கிறது. பெரியவர் போகும்போது ஒரு நெல்லிக்கட்டை கிணற்றில் போடச் சொன்னார், எங்கள் பாட்டியும் அதைத்தான் சொல்வாள். ஆனால் இப்போதுதான் இலையை அள்ளினோம், திரும்ப மரத்தை உள்ளே போட எனக்கு மனம் இல்லை.

அடுத்தது குளோரின். கணக்கு சுலபம்: கிணற்று விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம், எல்லாம் அடியில், அதை 22-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ லிட்டர். எங்களுக்கு 4 × 4 × 10 × 22, அதாவது 3,520 லிட்டர். வழக்கமாகக் கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பார்கள். இது அந்தப் பராமரிப்பு அளவு இல்லை, ஒரே ஒரு தடவை போடும் கடும் அளவு, லிட்டருக்கு 50 மி.கி. குளோரின். பவுடரில் கால் பங்குதான் குளோரின் என்று வைத்து 700 கிராம் போட்டேன். புதுப் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், திறந்து வைத்ததில் வேகமாகக் குறைந்துவிடும், கடையில் கட்டியாகிக் கிடப்பதை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு முக்கால் வாளி ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் தண்ணீருக்குள் முக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் மேலேயே நிற்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. ஆசிட் வகை எதையும் கூடச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, வீட்டில் ஒவ்வொரு குழாயாக குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டோம். குழாய்களுக்குள்ளும் அந்த வழவழப்பு ஒட்டியிருக்கும், அதற்காகத்தான் இது. முன்னதாக ஆர்.ஓ. இணைப்பைக் கழற்றிவிட்டேன், குளோரின் பட்டால் அதன் சவ்வு கெட்டுவிடும். மறுநாள் அந்தத் தண்ணீரைச் செடிக்கும் செப்டிக் டேங்குக்கும் விடாமல், பின்பக்க வெறும் மணலில் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தோம். பத்து நாள் கழித்து, குளோரின் வாடை முழுக்கப் போன பிறகு, மறுபடி கிண்டிக்குக் கொடுத்தோம். கோலிஃபார்ம் இல்லை. பக்கத்து டேங்க்தான் காரணமாக இருந்திருந்தால் மழைக்காலத்தில் திரும்ப வரும் என்று நினைத்து கார்த்திகையில் இன்னொரு தடவையும் கொடுத்தேன். அப்போதும் இல்லை.

வாடை? பெரும்பங்கு போய்விட்டது, லேசாக ஒரு மிச்சம். அதற்கு மாடித்தொட்டியில் ஒரு சின்ன வேலை. தண்ணீர் விழும் குழாயின் நுனியில் மூன்றடி ஒரு அங்குலக் குழாயைப் படுக்கையாகச் சேர்த்து, நுனியை அடைத்து, அடிப்பக்கம் மூன்று மி.மீ. துளைகள் போட்டேன், தண்ணீர் பூவாளி போலச் சிதறி விழுந்தால் வாயு காற்றோடு போய்விடும் என்று. முதலில் முப்பது துளை. மோட்டார் போட்டதும் எல்போ மூட்டு பிதுங்கிக்கொண்டு கழன்று மாடி முழுக்கத் தண்ணீர். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாய்ப் பரப்பைவிடக் குறையக் கூடாது, ஒரு அங்குலக் குழாய்க்கு எழுபது துளை வேண்டும். எழுபது போட்டு, உள்பக்கப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, மூட்டைத் திரும்ப ஒட்டினேன். தொட்டி மூடியில் காற்றுப்போக்கி ஒன்று, அதற்குக் கொசுவலை.

இது எல்லாருக்கும் பொருந்தாது. மேடவாக்கத்தில் சித்தப்பா வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் அடியிலிருந்தே வாயு வருகிறது, அங்கே தூர் வார ஒன்றும் இல்லை. அவர்கள் தொடர்ந்து காற்றூட்டி, சொட்டுச் சொட்டாகக் குளோரின் விட்டு, பிறகு மணல் வடிகட்டி என்று போக வேண்டியிருந்தது. ஒரு மி.கி. சல்ஃபைடுக்கு இரண்டு மி.கி.க்குச் சற்று மேல் குளோரின் போனால் வாடை போகும், ஆனால் பிரிகிற கந்தகம் தண்ணீரைப் பால் கலந்தது போல ஆக்கும், அதனால்தான் வடிகட்டி.

இனி வெந்நீர். கிணறு சரியான பிறகும் கீசர் தண்ணீரில் மட்டும் முட்டை வாடை. கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், அது தான் கரைந்து தொட்டியைக் காக்கும். கரையும்போது நடக்கிற வேதிவினை இந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, கம்பியைக் கழற்றினால் பென்சிலைவிட மெலிந்து கறுப்புப் படலத்தோடு வந்தது. கம்பியே வேண்டாம் என்று அடைத்துவிட்டால் தொட்டி ஓட்டையாகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பி வாங்கி மாட்டி, மூன்று மணி நேரம் முழுச் சூட்டில் வைத்து, குழந்தையைக் குளியலறைப் பக்கம் விடாமல், அந்தக் கொதிநீரைத் திறந்துவிட்டேன். வாடை அன்றோடு சரி.

மழைக்கு முன்னால் மாடிக் குழாய் வாயில் கம்பிவலை, கிணற்றுக்கு முன்னால் ஜல்லி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி, அதற்கு முன்னால் ஒரு டீ மூட்டும் இரண்டு வால்வும். முதல் இரண்டு மழை தோட்டத்துக்கு, அதற்கப்புறம் கிணற்றுக்கு. கான்கிரீட் மூடிக்குப் பதில் பூட்டு வைத்த இரும்புக் கம்பிச் சட்டம், மேலே நைலான் கொசுவலை இழுத்துக் கட்டியிருக்கிறோம். இந்த ஊரில் மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித்தொட்டியிலும்தான் முட்டை வைக்கும், வலையில் சின்னக் கிழிசல்கூட இருக்கக் கூடாது.

ஐப்பசியில் முதல் மழை இரவில் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், தோட்டத்துக் குழாயில் காப்பிக் கஷாயம் போலத் தண்ணீர், அதில் பாதாம் இலைத் துண்டுகள். மூன்றாவது மழையில் தெளிந்து வந்ததைப் பார்த்துவிட்டு வால்வைத் திருப்பினேன். மெட்டி மூன்று மாதமாக வெள்ளையாகவே இருக்கிறது, சாமிச் சொம்பை அம்மா இப்போது பின்கட்டுக் குழாயிலேயே கழுவுகிறாள்.